நெருங்கிய உறவுக் கலப்பும் பரம்பரைக் குடல்நோயும்
நோர்வே நாட்டு லுண்டஹுண்ட் நாயினம் கமக்காரருக்குத் தரும் பாடம்

முன்னுரை

கமக்காரர் வீடுகளில் ஆடு, மாடு, கோழி ஆகியன பெருகும்போது தொகை கூடுவதே செல்வமெனக் கருதப்படுகின்றது. தொகை வேண்டியதே. ஆயினும், ஒரு மந்தையில் எத்தனை உயிர்கள் உள்ளன என்பதைவிட, அவ்வுயிர்கள் எத்தனை பெற்றோரிடமிருந்து தோன்றியவை என்பதே அம்மந்தையின் வருங்கால நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. ஒரு சில பெற்றோரிலிருந்தே பெருகிய மந்தை, பார்வைக்குப் பெரிதாயினும், உள்ளே ஒரே குறையைத் தாங்கி நிற்றல் கூடும்.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் நோர்வே நாட்டின் லுண்டஹுண்ட் என்னும் அரிய நாயினமாகும். 1963 ஆம் ஆண்டில் ஆறு நாய்களாகக் குறுகிய இவ்வினம், இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களாகப் பெருகியுள்ளது. எனினும், இவ்வினம் முழுவதும் ஒரு பரம்பரைக் குடல்நோயின் நிழலில் வாழ்கின்றது. நாயானது ஏருக்கோ பாலுக்கோ வளர்க்கப்படும் பிராணியன்று. ஆயினும் இனவிருத்தியின் விதி நாய்க்கு ஒன்று, ஆட்டுக்கு வேறொன்று என இருப்பதில்லை. ஆதலால் இந்நாயினத்தின் வரலாறு கமக்காரர் அறிந்து பயன்கொள்ளத்தக்கதாகும்.

நாயும் அதன் தொழிலும்

நோர்வேயின் வடமேற்குக் கடலில் லொபோட்டன் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அதன் தென்கோடியை அடுத்த வேரோய்த் தீவின் செங்குத்தான கடற்பாறைகளிலே லுண்டே என்னும் கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாகக் கூடுகட்டும். ஆங்கிலத்தில் இப்பறவை பபின் எனப்படும். பாறை இடுக்குகளிலும் மண்ணிற் குடைந்த நீண்ட வளைகளிலும் இப்பறவை ஒரே ஒரு முட்டையிட்டு அடைகாக்கும். தீவு மக்கள் இதன் இறைச்சியை உப்பிட்டு மாரிகால உணவாகச் சேமித்தனர்; இதன் மெல்லிறகை விற்றுப் பணம் பெற்றனர்.

மனிதன் கை எட்டாத அவ்வளைகளுள் நுழைந்து, பறவையைக் கவ்விக்கொண்டு வருவதே லுண்டஹுண்ட் நாயின் தொழிலாகும். ‘ஹுண்ட்’ என்பது நோர்வே மொழியில் நாயைக் குறிக்கும். இத்தொழிலுக்கேற்ற உடலமைப்பு இந்நாய்க்கு உண்டு. இதன் ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல்கள் உள்ளன. வழுக்கும் பாறையில் அவை பிடிப்பைத் தரும். முன்கால்கள் இரு பக்கமும் நேராக விரியக்கூடியன. கழுத்து பின்புறமாக வளைந்து தலை முதுகைத் தொடும். மண்ணும் நீரும் புகாதபடி செவிகளை மடித்து மூடிக்கொள்ளவும் இந்நாயால் இயலும்.

இனம் அருகிய வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவைகளைப் பிடிப்பதற்கு வலைகள் வழக்கத்துக்கு வந்தன. வலையிருக்க நாயெதற்கு என்னும் நிலை உண்டாயிற்று. நாய்களுக்கு வரியும் விதிக்கப்பட்டது. இதனால் மக்கள் இந்நாய்களை வளர்ப்பதைக் கைவிட்டனர். 1900 ஆம் ஆண்டளவில், வேரோய்த் தீவின் ஒதுக்குப்புறமான மோஸ்டாட் என்னும் சிற்றூரில் மட்டுமே இவ்வினம் எஞ்சியிருந்தது.

1930களின் இறுதியில் தென் நோர்வேயின் ஹாமார் நகரைச் சேர்ந்த எலினோர் கிறிஸ்டி என்னும் பெண்மணி மோஸ்டாட்டிலிருந்து சில நாய்களைப் பெற்று வளர்க்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோய் வேரோய்த் தீவைத் தாக்கி, அங்குள்ள நாய்களைப் பெரும்பாலும் அழித்தது. ஹாமாரிலிருந்து அனுப்பப்பட்ட நாய்களைக் கொண்டு தீவில் இனம் மீண்டும் தொடங்கப்பட்டது. பின்னர் ஹாமாரிலும் நோய் பரவி நாய்கள் மடிந்தபோது, தீவிலிருந்து நாய்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. ஈரிடங்களில் இரு கூட்டங்கள் இருந்தபோதிலும், இரண்டிலும் ஓடியது ஒரே குருதி என்பதை இங்கே கவனித்தல் வேண்டும்.

1963 ஆம் ஆண்டில் டிஸ்டெம்பர் மீண்டும் தோன்றியது. இம்முறை எஞ்சியவை ஆறு நாய்களே. அவற்றுள் ஒன்று வேரோயிலும் ஐந்து ஹாமாரிலும் இருந்தன. ஹாமாரில் இருந்த ஐந்தும் ஒரே தாயின் குட்டிகள். இச்சிறு தொகையிலிருந்தே இன்றுள்ள இனம் முழுவதும் பெருக்கப்பட்டது. அழிவின் விளிம்பிலிருந்து ஓரினத்தை மீட்டமை பாராட்டத்தக்க செயலாகும். வேறு வழியும் அன்று இருக்கவில்லை. ஆயினும், தாயும் மகனும், உடன்பிறந்தவையும் தம்முள் கலந்து பெருகிய இனத்தில் ஒரு குறை வெளிப்படலாயிற்று.

குடல்நோயின் இயல்பு

இந்நோய், இனத்தின் பெயராலேயே லுண்டஹுண்ட் நோய்த்தொகுதி என வழங்கப்படுகின்றது. இது ஒரு தனி நோயன்று. இரைப்பையையும் குடலையும் பற்றிய பல கோளாறுகளின் சேர்க்கையாகும்.

உடல்நலமுள்ள பிராணியில், உணவிலுள்ள கொழுப்பு சிறுகுடற் சுவரினூடாக நிணநீர்க் குழாய்களை அடைந்து, அவற்றின் வழியே குருதியைச் சேரும். இந்நோயுற்ற நாயில் அக்குழாய்கள் வீங்கி விரிகின்றன. அவற்றிலுள்ள நிணநீர், புரதத்தோடு கூடிக் குடலினுள் கசிகின்றது. உடலுக்குச் சேரவேண்டிய புரதம் மலத்தோடு வெளியேறுகின்றது. குருதியிற் புரதம் குறையும்போது, குருதிக் குழாய்களில் நிற்கவேண்டிய நீர் வெளியே ஊறி வயிற்றிலும் கால்களிலும் தேங்குகின்றது. இதனால் உடல் மெலிந்து, வயிறு மட்டும் பருத்துத் தோன்றும்.

இவற்றோடு இரைப்பையின் உட்சுவர் அழற்சியுற்று நலிவதும், சிறுகுடலிற் பற்றீரியாக்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதும், விற்றமின் பி12 உடலிற் சேராமற் போவதும் உண்டு. சில நாய்களில் இரைப்பையிற் புற்றுநோயும் தோன்றுகின்றது.

நோயின் அடையாளங்கள் வருமாறு:
(1) அடிக்கடி தோன்றி மறையும் கழிச்சல்.
(2) வாந்தியும் உணவில் விருப்பமின்மையும்.
(3) உண்டபோதிலும் உடல் மெலிதல்.
(4) வயிற்றிலும் கால்களிலும் நீர்வீக்கம்.
(5) சோர்வு.

நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. மிருக வைத்தியரின் கண்காணிப்பில் நோயைத் தணித்து வைத்தலே செய்யக்கூடியதாகும். கொழுப்புக் குறைந்ததும், எளிதிற் செரிக்கும் புரதம் உள்ளதுமான உணவு கொடுக்கப்படுகின்றது. கொழுப்புக் குறைந்தால் நிணநீர்க் குழாய்களின் பாரமும் குறையும் என்பதே இதன் காரணம். விற்றமின் பி12 ஊசிமூலம் ஏற்றப்படுகின்றது. அழற்சியைத் தணிக்கும் மருந்துகளும், தேவைப்படின் பற்றீரியாக்களை அடக்கும் மருந்துகளும் வழங்கப்படுகின்றன. இத்தகைய பராமரிப்பால் சில நாய்கள் நெடுங்காலம் வாழ்கின்றன. வேறு சில விரைவில் இறக்கின்றன.

குறை இனமெங்கும் பரவிய விதம்

ஒவ்வோர் உயிரும் தன் இயல்புகளுக்குரிய பரம்பரையலகுகளைச் சோடி சோடியாகக் கொண்டுள்ளது. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருவது. ஓர் அலகு பழுதுற்றதாயினும், அதன் சோடி நல்லதாயின், பழுது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. அது மறைந்திருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும். இத்தகைய மறைந்த பழுதுகள் எல்லா உயிர்களிடத்தும் சில உண்டு.

உறவில்லாத இரு பிராணிகள் கலக்கும்போது, இரண்டும் ஒரே பழுதைத் தாங்கியிருப்பது அரிது. உறவுள்ளவை கலப்பின், இரண்டும் அப்பழுதை ஒரே முன்னோரிடமிருந்து பெற்றிருத்தல் கூடும். அப்போது குட்டிக்கு இரு பக்கத்திலிருந்தும் பழுதே கிடைத்து நோய் வெளிப்படும். நெருங்கிய உறவுக் கலப்பு பழுதைப் புதிதாக உண்டாக்குவதில்லை. மறைந்திருந்ததை வெளியே கொணர்கின்றது.

உறவு நெருங்க நெருங்க இவ்வாபத்து எவ்வாறு கூடுகின்றது என்பதைப் பின்வரும் கணக்குக் காட்டும். நூறு பரம்பரையலகுச் சோடிகளை எடுத்துக்கொண்டால், ஒரே முன்னோரின் அலகு இரு பக்கமும் வந்து சேரக்கூடிய சோடிகளின் சராசரித் தொகை இதுவாகும்:
தந்தையும் மகளும் கலப்பின் – 25
உடன்பிறந்த இரண்டு கலப்பின் – 25
தந்தை மட்டும் ஒன்றான இரண்டு கலப்பின் – 12.5
பெற்றோரின் உடன்பிறந்தார்க்குப் பிறந்த இரண்டு கலப்பின் – 6.25

இக்கணக்கு ஒருமுறைக் கலப்புக்கு உரியது. தலைமுறைதோறும் அவ்வாறே செய்யின் தொகை ஏறிக்கொண்டே செல்லும். லுண்டஹுண்ட் இனத்தில் நிகழ்ந்தது இதுவே. இன்று எந்த இரு லுண்டஹுண்ட் நாய்களை எடுத்துக்கொண்டாலும், அவை உடன்பிறந்தவை போலவே ஒத்திருக்கின்றன. குட்டிகளின் தொகை குறைதலும் கருத்தரித்தல் குன்றுதலும் நோயோடு கூடவே வந்தன.

தெரிந்தெடுத்தலால் மட்டும் நீங்காமை

நோயுற்ற நாய்களை ஒதுக்கி, நலமுள்ளவற்றை மட்டும் இனவிருத்திக்கு விடின் நோய் மறையாதோ என்னும் வினா எழுதல் இயல்பு. பல இனங்களில் இம்முறை பயன் தரும். லுண்டஹுண்ட் இனத்தில் அது போதாமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, இந்நோய் எந்த வயதிலும் தோன்றக்கூடியது. குட்டிகளை ஈன்ற பின்னரே நோய் வெளிப்படும் நாய்கள் பல. சில நாய்கள் நோயின் அடையாளமின்றியே முதுமையடைகின்றன; ஆயினும் குறையைச் சந்ததிக்கு வழங்கிவிடுகின்றன.

இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. தெரிந்தெடுத்தல் என்பது வேறுபாடு உள்ள இடத்திலேதான் இயலும். நெல்லும் பதரும் கலந்திருந்தால் தூற்றிப் பிரிக்கலாம். எல்லாம் ஒரே தன்மையதாயின் தூற்றுவதாற் பயனில்லை. 2016 ஆம் ஆண்டில் ஜேர்மனி நாட்டு ஹனோவர் நகர ஆராய்ச்சியாளர், லெப்ரெல் 1 என்னும் பரம்பரையலகிலுள்ள ஒரு மாற்றம் இந்நோயோடு தொடர்புடையதென அறிவித்தனர். பழுதின் இடத்தை அறிந்தபோதிலும், பழுதற்ற நாய்கள் இனத்தினுள்ளே போதியளவு இல்லையாயின் அவ்வறிவால் மட்டும் இனம் திருந்தாது.

புதிய இரத்தம் சேர்த்தல்

இந்நிலையில் எஞ்சிய வழி, உறவில்லாத பிற இனங்களிலிருந்து புதிய இரத்தத்தைச் சேர்ப்பதேயாகும். 2010களில் நோர்வேயின் லுண்டஹுண்ட் சங்கத்தார் இத்திட்டத்தை மேற்கொண்டனர். நோர்வேயின் புஹுண்ட், ஐஸ்லாந்து மேய்ப்பு நாய், சுவீடனின் நொர்பொட்டன் ஸ்பிட்ஸ் ஆகிய வடபுல நாயினங்கள் இதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. உருவத்திலும் பருமனிலும் இவை லுண்டஹுண்ட் இனத்துக்கு ஓரளவு அணித்தானவை.

முதற் கலப்பிற் பிறக்கும் குட்டியில் பிற இனத்தின் பங்கு பாதியாகும். அக்குட்டி வளர்ந்து லுண்டஹுண்ட் நாயோடு மீண்டும் கலக்கும்போது, அப்பங்கு காலாகும். அதன் பின் அரைக்காலாகும். இவ்வாறு இனத்தின் சிறப்பியல்புகளை மீளப் பெறலாம். ஆனால், மீளக் கலக்குந்தோறும் நலமுள்ள புதிய அலகுகளைத் தாங்கிய குட்டிகளையே தெரிந்தெடுத்தல் வேண்டும். இல்லையேல், வந்த புதிய இரத்தம் சில தலைமுறைகளில் மீண்டும் கரைந்துபோகும். சேர்க்கப்படும் இனத்துக்கும் தன் பரம்பரை நோய்கள் இருக்கக்கூடுமாதலால், அதனையும் முன்னரே பரிசோதித்தல் அவசியம்.

இத்தகைய கலப்பு இனத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. அவர்களது கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆறு விரலும் வளையும் கழுத்தும் உடைய இனம் உலகில் வேறில்லை. ஆயினும், தூய்மை என்பது உயிரோடு வாழும் இனத்துக்கே பொருந்தும். உண்ட உணவு உடலிற் சேராத ஓரினத்தை, கலப்பின்றிப் பேணினோம் என்று கூறுவதால் அவ்வினத்துக்கு நன்மை விளையாது.

கமக்காரரின் மந்தைக்கு இதன் பொருள்

லுண்டஹுண்ட் இனத்தைக் குறுக்கியவை வலையும் வரியும் நோயுமாகும். கமக்காரரின் மந்தையைக் குறுக்குவது பெரும்பாலும் வழக்கமேயாகும். ஒரே கிடாயைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, அதன் மகளையும் பேர்த்தியையும் அதனோடே விடுதல் பல இடங்களிற் காணப்படுகின்றது. கிடாய் நல்லது என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். நல்ல கிடாயும் மறைந்த பழுதுகளைத் தாங்கியிருக்கும் என்பது நினைவிலிருத்தல் வேண்டும்.

பத்து மறியாடுகளும் ஒரு கிடாயும் உள்ள மந்தையைக் கருதுக. கண்ணுக்குத் தெரிவன பதினொரு உயிர்கள். குட்டிகளின் இரத்தத்திற் பாதி அந்த ஒரு கிடாயிடமிருந்தே வருவதால், இனவிருத்திக் கணக்கில் இம்மந்தை நான்கு உயிர்களுக்கும் குறைந்ததாகவே கொள்ளப்படும். வெளியிலிருந்து ஆடு எதுவும் சேராதாயின், ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுநெருக்கம் ஏறக்குறைய நூற்றுக்கு 14 பங்கு கூடும். உறவில்லாத இரண்டு கிடாய்களை வைத்திருப்பின் இஃது ஏறக்குறைய அரைவாசியாகக் குறையும்.

உறவுநெருக்கம் மிகுந்த மந்தையில், பெயர்சொல்லக்கூடிய நோயொன்று தோன்றுமுன்னரே சிறு அடையாளங்கள் காணப்படும். குட்டிகள் எடை குறைந்து பிறத்தல், பிறந்த சில நாட்களில் இறத்தல், வளர்ச்சி குன்றல், சினைப்பிடித்தல் தாமதித்தல், முட்டைகள் பொரியாமற் போதல் ஆகியன அவையாம். தீனிக்குறைவாலும் புழுநோயாலும் இவை உண்டாகலாம். ஆதலால் முதலில் அவற்றைக் கவனித்தல் வேண்டும். அவை சீராயிருந்தும் குறை நீங்காவிடின், மந்தையின் உறவுமுறையை ஆராய்தல் தகும்.

கமக்காரர் கைக்கொள்ளவேண்டியன:

(1) கிடாயின் மகள்மார் பருவமடையுமுன் அக்கிடாயை மாற்றுதல் வேண்டும். மறிக்குட்டிகள் ஆறேழு மாதத்திலேயே பருவமடையக்கூடும்.

(2) கிடாய்க்குட்டிகளை மூன்று அல்லது நான்கு மாதத்திற் பிரித்துக் கட்டுதல் வேண்டும். தாயோடும் உடன்பிறந்த மறியோடும் அவை கலத்தலை இது தடுக்கும்.

(3) அயலாரோடு கிடாயை மாற்றிக்கொள்வது செலவற்ற வழியாகும். ஆனால், அயலாரின் கிடாய் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விசாரித்தல் வேண்டும். இரு வீட்டுக் கிடாய்களும் ஒரே தாயின் குட்டிகளாயின், ஹாமாரும் வேரோயும் தம்முள் நாய்களை மாற்றிக்கொண்டது போலவே அமையும். இடம் மாறும், இரத்தம் மாறாது.

(4) பசுக்களைச் செயற்கைமுறையிற் சினைப்படுத்தும்போது, காளையின் இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பிறக்கும் நாகு வளர்ந்தபின் அதே காளையின் விந்தை அதற்கு இடலாகாது.

(5) கோழி வளர்ப்போர் ஆண்டுதோறும் சேவலை வேறிடத்திலிருந்து பெற்று மாற்றுதல் நன்று.

(6) புதிதாக வாங்கிய பிராணியைச் சில வாரங்கள் தனியே வைத்து, நோயில்லையென்று கண்டபின்னரே மந்தையிற் சேர்த்தல் வேண்டும்.

(7) ஒவ்வொரு குட்டியின் தாய், தந்தை, பிறந்த நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வருதல் வேண்டும். குறிப்பில்லாத மந்தையில் உறவை அறிதல் இயலாது.

விதைக்கும் இவ்விதி பொருந்துமா?

பயிர்களில் இது பயிருக்குப் பயிர் வேறுபடும். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. தக்காளியும் பெரும்பாலும் அத்தகையதே. நெடுங்காலமாகத் தம்முள்ளே கருவுற்று வந்தமையால் இப்பயிர்களில் வெளிப்படக்கூடிய பழுதுகள் பெரும்பாலும் கழிந்துவிட்டன. எனவே, சிறந்த ஒரு செடியிலிருந்து விதை எடுத்தாலும் வீரியம் குன்றுவதில்லை.

சோளமும் பெரிய வெங்காயமும் அவ்வாறல்ல. இவை அயற்செடியின் மகரந்தத்தால் கருவுறுவன. ஒரு சில செடிகளிலிருந்து மட்டும் சில தலைமுறைகள் விதை எடுத்துவரின், பயிர் குட்டையாகி விளைச்சல் குறையும். ஆதலால் இத்தகைய பயிர்களில், அழகிய ஒரு கதிரையோ ஒரு பூந்தண்டையோ மட்டும் தெரியாமல், தோட்டத்தின் பல பகுதிகளிலுமுள்ள பல பத்துச் செடிகளிலிருந்து விதை எடுத்துக் கலந்து வைத்தல் வேண்டும். நூறு செடிகளாயின் இன்னும் நன்று.

சுருக்கம்

1. தொகை பெருகுவதால் மட்டும் இனம் நலமடைவதில்லை. பெற்றோரின் தொகையும் அவற்றின் உறவும் கவனிக்கப்படல் வேண்டும்.

2. நெருங்கிய உறவுக் கலப்பு, மறைந்திருக்கும் பழுதை வெளிப்படுத்தும். லுண்டஹுண்ட் நாயின் குடல்நோய் இதற்குச் சான்றாகும்.

3. குறை மந்தை முழுவதும் பரவியபின் தெரிந்தெடுத்தலால் மட்டும் அதனை நீக்குதல் அரிது. அப்போது புதிய இரத்தமே வழியாகும். அதற்குப் பல தலைமுறைகளும் மிகுந்த உழைப்பும் வேண்டும்.

4. நோர்வே நாயினத்துக்கு 1963 இல் வேறு தெரிவு இருக்கவில்லை. கமக்காரருக்குத் தெரிவு உண்டு. அயற்கிராமத்திலுள்ள ஒரு நல்ல கிடாயும், வீட்டிலுள்ள ஒரு கொப்பியும் பென்சிலும் இதற்குப் போதியனவாகும்.